வாயசைவு

ஜூன் 9, திங்கள்

புதுப் படம் வந்திருக்கிறது. ஆங்கிலத்தில் காமிக்ஸாக வந்து, பிறகு சினிமாவானது. தமிழில் டப்பிங் வசனம் நான் எழுத வேண்டுமாம். இதுவரை பொம்மைப் படங்களும் குரங்குப் படங்களும் எழுதியவளிடம் இதை எதற்குக் கொடுக்கிறீர்கள் என்று ஸ்டுடியோ முதலாளி பாஷ்யம் சாரிடம் கேட்டேன். "உங்க லிப் சிங்க் மாதிரி யாருக்கும் வராது திலகவதி. இந்தப் பட ஹீரோவோட முகமூடி மூக்கோட நின்னுடுது. வாய் முழுக்கத் தெரியுது, அதான் பிரச்சனை" என்றார்.

மதியம் முழுப் படத்தையும் பார்த்தேன். தலை வலிக்கிறது. மனைவியும் மகளும் முதல் ரீலிலேயே செத்துப்போகிறார்கள். மீதிப் படம் முழுக்க அவன் யாரை வேண்டுமானாலும் கொல்வதற்கு அதுதான் அனுமதிச் சீட்டு. சுத்தியல், ரம்பம், கொதிக்கிற தார் என்று எதையும் விட்டுவைக்கவில்லை. கொன்றுவிட்டு மழையில் நிற்கிறான். அந்த அம்மாவுக்கும் பெண்ணுக்கும் என்ன பெயர், என்ன சாப்பிடுவார்கள், எதற்குச் சிரிப்பார்கள், ஒன்றும் தெரியாது. சாவதற்கென்றே பெற்றுப் போட்டிருக்கிறார்கள். அவன் பெயருக்குத் தமிழில் 'தணல்' என்று வைத்தேன். பாஷ்யம் சாருக்குப் பிடித்துவிட்டது.

இரவுச் சாப்பாட்டின்போது தம்பியிடம் கதையைச் சொன்னேன்.

"வில்லன் யாருக்கா?"

"அவன்தான்."

"அப்போ ஹீரோ?"

"அவனேதான்டா."

அரசு சிரித்தான். அவனுடைய முழுப் பெயர் திருநாவுக்கரசு. அப்பா சிதம்பரத்தில் தினமும் தேவாரம் படித்தவர். முதல் பெண்ணுக்குத் திலகவதி என்று வைத்துவிட்டு, பிள்ளை பிறக்கும் வரை ஆறு வருடம் திருநாவுக்கரசு என்ற பெயரைக் காப்பாற்றி வைத்திருந்தாராம். இப்போது அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை. விருகம்பாக்கத்தில் நாங்கள் இரண்டு பேர்தான்.

கத்தரிக்காய் கசந்தது. அந்தக் கடையில் இனி வாங்கக் கூடாது.

ஜூன் 11, புதன்

அரசுவை அடித்துப் போட்டிருக்கிறார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் இருக்கிறான்.

ஜூன் 12, வியாழன்

நடந்ததை எழுதுகிறேன். எழுதாவிட்டால் யாரையாவது கடித்துவிடுவேன்.

வங்கியில் வீட்டுக்கடன் கேட்பவர்களின் வீட்டை நேரில் போய் அளந்து, படம் எடுத்து, மதிப்புச் சொல்வது அரசுவின் வேலை. நேற்று முத்துக்கருப்பன் நகர் என்று ஊருக்கு வெளியே புதிதாக முளைத்த இடம். வேலை முடிந்து வரும்போது ஒரு சின்னப் பெண் தெருமுனையில் அழுதுகொண்டு நின்றிருக்கிறது. வீடு எங்கே என்று கேட்டு, கையைப் பிடித்துக் கூட்டிப் போயிருக்கிறான். அந்தப் பக்கத்தில் குழந்தை கடத்துகிற கும்பல் சுற்றுகிறது என்று ஒரு வாரமாக எல்லார் போனிலும் செய்தியாம். யாரோ ஒருத்தி மாடியிலிருந்து கத்தினாள். அவ்வளவுதான்.

மின்கம்பத்தில் கட்டினார்கள். எதனால் கட்டினார்கள் தெரியுமா? அவன் கழுத்தில் மாட்டியிருந்த அடையாள அட்டையின் நாடாவால். அவன் யார், எங்கே வேலை, எல்லாம் அந்த அட்டையில் படத்தோடு இருந்தது. ஒரு நாய்கூட அதைத் திருப்பிப் பார்க்கவில்லை.

மண்டையில் விரிசல். தாடை இரண்டு இடத்தில் உடைந்திருக்கிறது. மண்ணீரலை எடுத்துவிட்டார்கள். வாயில் குழாய். முகத்தை வைத்து அவனை அடையாளம் சொல்ல முடியவில்லை. காலில் பெருவிரல் நகம் கோணலாக இருக்கும், அதைப் பார்த்துத்தான் "ஆமாம், இவன்தான்" என்றேன்.

வீடியோ வந்திருக்கிறது. எனக்கே மூன்று பேர் அனுப்பிவிட்டார்கள், அது என் தம்பி என்று தெரியாமலே. பின்னால் ஏதோ சினிமாச் சண்டைக்காட்சி இசையைப் போட்டு, 'மக்கள் தீர்ப்பு' என்று தலைப்பு. கீழே கைதட்டல்கள், நெருப்புப் படங்கள். ஓரத்தில் அந்தச் சின்னப் பெண் அழுகிறாள். அவளுடைய அம்மா செருப்பால் அடிக்கிற வரிசையில் நிற்கிறாள்.

ஜூன் 14, சனி

ஸ்டேஷனுக்குப் போனேன். இன்ஸ்பெக்டர் மரியாதையாகத்தான் பேசினார். கூட்டத்தில் முப்பது பேர் இருந்தார்கள், எல்லாரும் "நான் வேடிக்கைதான் பார்த்தேன்" என்கிறார்கள், ஒரிஜினல் வீடியோ எடுத்தவன் அழித்துவிட்டான், நமக்குக் கிடைத்த நீளமான காப்பியிலும் பேச்சே கேட்கவில்லை, வெறும் மியூசிக் என்றார்.

"அதை எனக்கு அனுப்புங்க சார். வாயைப் பார்த்து என்ன பேசறாங்கன்னு சொல்றதுதான் என் தொழிலே."

ஸ்டுடியோவுக்கு எடுத்துப் போனேன். தணலின் வாயைப் பார்க்கிற அதே பெரிய திரையில் போட்டு, நிறுத்தி நிறுத்தி ஓட்டினேன். சவுண்ட் என்ஜினீயர் எழுந்து வெளியே போய்விட்டான். நான் போகவில்லை.

மூன்று முகம் தெளிவாகத் தெரிகிறது. பனியன் போட்டவன் உருட்டுக்கட்டையோடு. கறுப்புச் சட்டைக்காரன் உதைக்கிறான். கடைசியில் மெரூன் சட்டை போட்ட ஒருவன் வருகிறான். அரசு தரையில் சரிந்து கிடக்கிறான். மெரூன் சட்டைக்காரன் அவன் பக்கத்தில் குந்தி, உடைந்த தாடையைப் பிடித்துத் திருப்பி, முகத்துக்கு நேராகக் குனிந்து ஏதோ சொல்கிறான். அடித்தவர்களைவிட இவனைப் பார்த்துத்தான் எனக்கு உடம்பு எரிந்தது. அடித்து முடித்தபிறகு நிதானமாக வந்து சொல்கிறானே!

பலமுறை ஓட்டினேன். சா. பிறகு கீழுதடு மேற்பல்லில் படுகிறது: வ. அதற்குள் யாருடைய தோளோ குறுக்கே வந்துவிடுகிறது.

'சாவுடா.'

இன்ஸ்பெக்டருக்குப் போன் செய்து சொன்னேன்.

ஜூன் 16, திங்கள்

ஆஸ்பத்திரிச் செலவுக்காகவாவது வேலைக்குப் போக வேண்டும். காலை பார்வை நேரம் முடிந்ததும் ஸ்டுடியோ.

இடைவேளைக்கு முந்தைய காட்சி. தணல் ஒருவனை இரும்புத் தூணில் கட்டிவைத்து எதிரில் நிற்கிறான். ஆங்கிலத்தில் அவன் ஒன்றும் சொல்வதில்லை. வாய் மட்டும் கொஞ்சம் அசைகிறது, மூச்சு விடுகிறான். "இந்த இடத்துல ஒரு பஞ்ச் வேணும்மா, தியேட்டர் அதிரணும்" என்று பாஷ்யம் சார் கேட்டிருந்தார். போன வாரமாக இருந்தால் சண்டை போட்டிருப்பேன்.

இன்று பேனாவை எடுத்ததும் வந்தது.

'சட்டம் உனக்கு வக்கீல் கொடுக்கும். நான் உனக்கு வலி கொடுப்பேன்.'

உதட்டுக்கு அப்படியே உட்கார்ந்தது. பாஷ்யம் சார் மேஜையைத் தட்டினார். மத்தியானத்துக்குள் மொத்தச் சண்டைக்காட்சிகளுக்கும் எழுதிக் கொடுத்துவிட்டேன். இத்தனை வேகமாக நான் எழுதியதே இல்லை. நன்றாகத்தான் வந்திருக்கிறது. அதற்கு மேல் அதைப் பற்றி ஒன்றுமில்லை.

ஜூன் 18, புதன்

மூன்று பேரையும் பிடித்துவிட்டார்களாம். மெரூன் சட்டைக்காரன் பெயர் டில்லிபாபு. வீடுகளுக்குக் கேன் தண்ணீர் போடுகிறவன்.

இன்ஸ்பெக்டர் டீ வாங்கிக் கொடுத்தார். "கோர்ட்டு, கேஸுன்னு போனா வருஷக்கணக்கா இழுக்கும் மேடம். அவனுங்க ஜாமீன்ல வந்து உங்க எதிர்லயே பைக்ல போவானுங்க. உங்க மனசுல என்ன இருக்குன்னு சொல்லுங்க" என்றார்.

பேசினோம். டீயில் சர்க்கரை அதிகம். வீட்டுக்கு வந்து அரசுவின் சட்டைகளைத் துவைத்துப் போட்டேன். அவனுக்கு எப்போது தேவைப்படுமோ தெரியாது. அழுக்காக இருக்கக் கூடாது.

ஜூன் 19, வியாழன்

பேப்பரில் படம் வந்திருக்கிறது. மூன்று பேரும் மாவுக்கட்டோடு வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். இரண்டு பேருக்குக் கால். மெரூன் சட்டைக்காரனுக்கு வலது கை, தோள் வரைக்கும். போலீசைப் பார்த்துத் தப்பி ஓடும்போது வழுக்கி விழுந்துவிட்டார்களாம். இந்த ஊரில் குற்றவாளிகள் மட்டும் எப்படித்தான் இப்படி வழுக்கி விழுகிறார்களோ.

சந்தோஷமாக இருந்தது. பொய் சொல்ல மாட்டேன். எனக்குத் தெரிந்த எல்லாருக்கும் அந்தப் படத்தை அனுப்பினேன். எல்லாரும் கைகூப்பினார்கள், நெருப்புப் படம் போட்டார்கள். ரசம் வைத்து இரண்டு தட்டு சாப்பிட்டேன். ஒரு வாரத்துக்குப் பிறகு தூங்கினேன்.

ஜூன் 21, சனி

ரெக்கார்டிங். தணலுக்குக் குரல் ஜெயசிங். நாகர்கோவில்காரர்; சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, மூன்று பெண்கள், பக்கத்தில் ஒருவர் தும்மினால்கூட "ஐயோ, என்னாச்சு?" என்கிற மனுஷர். மைக் முன்னால் நின்றால் மட்டும் எருமை மாதிரி உறுமுவார்.

இன்று ஆள் குறைவு. தூணில் கட்டப்பட்டவன் அலறலையும் அவரையே கொடுக்கச் சொன்னார்கள். நாலு டேக். வெளியே வந்து வெந்நீர் குடித்தார். கண் சிவந்திருந்தது.

"அடிக்கியவனுக்க கொரலு ஈஸி அக்கா. வயித்துல இருந்து கொடுத்தா போதும். அடி வாங்குகவனுக்குத்தான் தொண்டையெல்லாம் பிடுங்குகு" என்றார். பிறகு, "ஒங்க தம்பி எப்பிடி இருக்காரு?" என்று கேட்டார்.

அடுத்த பக்கத்தைக் கொடுத்தேன்.

ஜூன் 23, திங்கள்

ஐ.சி.யு. வாசலில் ஒருத்தி வந்து நின்றாள். நைட்டி மேல் துண்டு. என் வயதில் பாதி இருக்கும்.

"யக்கா, நீதான அந்த அண்ணனோட அக்கா? நான் டில்லி பொண்டாட்டி, கஸ்தூரி."

எழுந்துவிட்டேன். "எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு இங்க வந்த?"

"யக்கா, ஒரே ஒரு நிமிசம் கேளுக்கா. அவுரு அடிக்கலக்கா. லோடு எறக்க வந்தவரு, கும்பலப் பாத்து உள்ள பூந்தாரு. நூத்தியெட்டுக்குப் போன் போட்டதே அவுருதான்க்கா. போனப் பாத்தா தெரியும், போன போலீஸு புடுங்கி வச்சிக்கினாங்க."

"அப்படியா? எல்லாருமே காப்பாத்த வந்தவங்கதான். அப்ப அடிச்சது யாரு, கம்பமா?"

"சாமி சத்தியமாக்கா..."

"வீடியோல நான் பார்த்தேன். என் தம்பி மூஞ்சியப் பிடிச்சுத் திருப்பி என்ன சொன்னான்னு நான் பார்த்தேன். போயிடு. செக்யூரிட்டியைக் கூப்பிடுவேன்."

கூப்பிட்டேன். அவர் அவளைக் கையைப் பிடித்து இழுத்துப் போனார். போகும்போது அவள் திட்டவில்லை. அதுதான் எரிச்சலாக இருந்தது. இவர்களுக்கு நாடகம் நன்றாக வரும்.

நாளை குழாயை எடுப்பார்களாம். எலுமிச்சை, இளநீர் வாங்க வேண்டும்.

ஜூன் 25, புதன்

அரசு பேசினான்.

தாடையைக் கம்பியால் கட்டியிருப்பதால் பல்லிடுக்கில்தான் பேச்சு. முதலில் தண்ணீர் கேட்டான். பஞ்சில் நனைத்து உதட்டில் வைத்தேன். கண்ணை மூடிக்கொண்டே சொன்னான்:

"அவரும் இப்படித்தான் கொடுத்தாரு."

"யாருடா?"

"ஒருத்தர். வாய்ல ரத்தம் அடைச்சிருந்தது. மூச்சு முட்டிச்சு. மூஞ்சியத் திருப்பி விட்டாரு. கேன்ல இருந்து தண்ணி ஊத்தினாரு. சொல்லிக்கிட்டே இருந்தாருக்கா. சாவாதண்ணா, சாவாதண்ணான்னு."

சட்டை என்ன நிறம் என்று கேட்டேன்.

சொன்னான்.

ஜூன் 26, வியாழன்

காலையில் ஸ்டேஷன். "சார், மூணாவது ஆள் தப்பான ஆள். காப்பாத்தினவர்."

இன்ஸ்பெக்டர் கோப்பிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "நீங்கதான மேடம் வாயைப் பார்த்து சொன்னீங்க?"

"தப்பாச் சொல்லிட்டேன்."

"சரி. இப்ப மாத்திச் சொன்னா என்ன ஆகும்னு யோசிச்சீங்களா? வீடியோதான் நம்ம கேஸே. அதுல ஒருத்தன் தப்புன்னா மத்த ரெண்டு பேர் வக்கீலும் எந்திரிச்சு நிப்பான். உங்க தம்பிக்கு மண்டையில அடி, அவர் சாட்சிய எவன் நம்புவான்? அடிச்சவனுங்க வெளிய வருவானுங்க. உங்களுக்கு அதுதான் வேணுமா?"

"அவர் கையை ஒடைச்சிருக்கீங்களே சார்!"

அப்போதுதான் என்னை நிமிர்ந்து பார்த்தார். "வழுக்கி விழுந்தாரு மேடம். அப்புறம் அன்னிக்கு டீ குடிக்கும்போது நீங்க என்ன சொன்னீங்கன்னு எனக்கு ஞாபகம் இருக்கு. உங்களுக்கு இருக்கா?"

இருக்கிறது. 'பேசினோம்' என்று எழுதி வைத்திருக்கிறேன், பெரிய எழுத்தாளர் மாதிரி. நான் சொன்னது இதுதான்: "மத்தவங்களை என்ன வேணா பண்ணுங்க சார். அந்த மெரூன் சட்டை, அவன் கை இனிமே எதையும் தூக்கக் கூடாது."

தூக்கித்தான் அவர் பிழைக்கிறார்.

ஸ்டுடியோவில் அந்தத் துண்டை மறுபடி போட்டுப் பார்த்தேன். சா. வ. பிறகு தோள். 'வு' என்றால் உதடு குவிய வேண்டும், 'வா' என்றால் திறக்க வேண்டும். குவிந்ததை நான் பார்க்கவே இல்லை. 'வ' வரைக்கும்தான் அவர் சொன்னது தெரிந்தது. மீதியை நான் எழுதினேன்.

வீட்டுக்கு வந்து பீங்கான் தட்டை எறிந்து உடைத்தேன். கூட்டிப் பெருக்கியதும் நான்தான்.

ஜூன் 27, வெள்ளி

முத்துக்கருப்பன் நகருக்குப் போனேன். அந்தக் கம்பத்தைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது. அதில் ட்யூஷன் விளம்பரம் ஒட்டியிருந்தார்கள். மனிதர்கள் காய்கறி வாங்கிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன்; எல்லா முகமும் அடித்த முகமாகத் தெரிந்தது. பளார் பளாரென்று அறைந்துகொண்டே போகலாம் போல இருந்தது. இந்தக் கோபத்தை வைத்துக்கொண்டுதான் ஒருவர் கையை ஒடித்தேன் என்பதும் உடனே ஞாபகம் வந்தது.

கஸ்தூரி வீட்டு வாசலில் காலி கேன்கள் அடுக்கியிருந்தன. என்னைப் பார்த்ததும் கதவைப் பாதி சாத்தினாள்.

"இன்னாத்துக்கு வந்த?"

"என் தம்பி பேசிட்டான். உங்க வீட்டுக்காரர்தான் தண்ணி கொடுத்தார்னு சொல்றான்."

"அத்த நான் அன்னிக்கே சொன்னேன்."

"ஆமாம்."

"இஸ்துக்கினு போய் வெளிய தள்ளச் சொன்ன."

"ஆமாம்."

அழுகை வந்துவிட்டது. அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். "இங்க அழுவாத. எனக்கு ஒன் அழுவ வாணாம். டாக்டரு சொல்றாரு, கை பழையபடி வராதாம். ஆப்ரேசன் பண்ணாலும் முழுசா மடங்காதாம். நீ அழுதா மடங்குமா? கோர்ட்டுல வந்து சொல்லுவியா, மாட்டியா, அத்த மட்டும் சொல்லு."

"சொல்றேன்."

"ஸ்டேசன்ல சொன்னத்தையும் சொல்லுவியா?"

திடுக்கிட்டேன். "உனக்கு யார் சொன்னது?"

"அடிக்கறப்ப அவுருகிட்டயே சொல்லிக்கினே அடிச்சாங்களாம். அந்த அக்கா ஒங்கைய ஸ்பெசலா கேட்டுச்சுடான்னு."

இதற்கு மேல் இன்று எழுத முடியாது.

ஜூன் 30, திங்கள்

வக்கீல் சகாயமேரியைப் பார்த்தேன். டில்லிபாபுவுக்காக வாதாடுகிறவர். நான் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு, "ஸ்டேஷன்ல சொன்னதையும் சொன்னா உங்க மேலயே திரும்பலாம். தெரியும்ல?" என்றார். தெரியும் என்றேன்.

ஸ்டுடியோவுக்கும் போனேன். அந்த வலி வசனத்தை எடுத்துவிடுங்கள், வேறு எழுதித் தருகிறேன் என்றேன். பாஷ்யம் சார் சிரித்தார். "டிரெய்லர்ல போட்டாச்சும்மா. அந்த ஒரு வரிக்குத்தான் டிஸ்ட்ரிப்யூட்டர் துள்ளிக் குதிக்கிறாரு."

"அப்போ என் பேரை எடுத்துடுங்க."

"டப்பிங் ரைட்டர் பேரை நாம எப்போம்மா போட்டோம்?"

அதுவும் சரிதான்.

ஜூலை 3, வியாழன்

கோர்ட். காவலை நீட்டிப்பதற்காக மூவரையும் கொண்டுவந்தார்கள். வராந்தாவில் டில்லிபாபு போலீஸ்காரர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். நான் நினைத்ததைவிடச் சின்ன உருவம். வீடியோவில் பெரிய ஆளாகத் தெரிந்தார். நான் எதிரில் போய் நின்றேன்.

"அண்ணன் எப்பிடி கீறாரு?" என்று அவர்தான் கேட்டார்.

"பேசறான். கஞ்சி குடிக்கிறான்."

தலையை ஆட்டினார். பிறகு மாவுக்கட்டைப் பார்த்தபடி சொன்னார். "எனக்கு ஒம்மேல காண்டுக்கா. இல்லன்னு சொல்லமாட்டேன். அன்னிக்கி அங்க நின்ன அத்தினி பேரும் சும்மாதான நின்னானுங்க? நானும் நின்னுருந்தா இந்நேரம் கேன் போட்டுனு இருப்பேன்."



மாஜிஸ்திரேட் இளவயதுப் பெண். எல்லாவற்றையும் சொன்னேன். வாயைப் படித்தது, தவறாகப் படித்தது, ஸ்டேஷனில் நான் கேட்டது, அவர்கள் செய்தது. இன்ஸ்பெக்டர் பின்வரிசையில் நின்று என் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். தட்டச்சு செய்பவர் 'கை' என்ற இடத்தில் நிறுத்தி, "வலதா, இடதா?" என்றார். வலது என்றேன்.

"மற்ற இருவருடைய காயங்களைப் பற்றி உங்களுக்கு ஏதாவது தெரியுமா?" என்று மாஜிஸ்திரேட் கேட்டார்.

"தெரியாது" என்றேன்.

ஜூலை 8, செவ்வாய்

மூவருக்கும் ஜாமீன். டில்லிபாபு போன் செய்ததற்கு நூற்றெட்டிலிருந்து பதிவு வந்துவிட்டது. அவர் பெயரை வழக்கிலிருந்தே எடுத்துவிடுவார்கள் என்கிறார் சகாயமேரி. இன்ஸ்பெக்டர் மேல் விசாரணை வருமாம். வரட்டும். என் மேல் வந்தாலும் வரட்டும்.

ஆனால் அந்த இருவரும்! இன்ஸ்பெக்டர் சொன்ன மாதிரியே ஆயிற்று. போலீஸ் விசாரணையிலேயே சந்தேகம் இருக்கிறது என்று வாதாடி வெளியே எடுத்துவிட்டார்கள். கோர்ட் வாசலில் பனியன்காரனுடைய அம்மா ஓடிவந்து என் காலில் விழுந்தாள். "மகராசி, ஒன்னாலதான் எம்புள்ள வெளிய வந்தான்!"

காலை இழுத்துக்கொண்டேன். "உன் பிள்ளை என் தம்பியைக் கட்டையால அடிச்சான். அவனை உள்ள அனுப்பாம விடமாட்டேன்" என்று கத்தினேன். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் ஒன்றும் புரியாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னால் அவன், கட்டுப் போட்ட காலோடு, ஆட்டோவில் ஏறிக்கொண்டிருந்தான். அந்தக் காலைப் பார்த்தபோது எனக்கு எந்த இரக்கமும் வரவில்லை.

ஜூலை 11, வெள்ளி

அரசு வீட்டுக்கு வந்துவிட்டான். ஒரு பக்கக் காது கேட்கவில்லை. குழம்பை மிக்ஸியில் அடித்து உறிஞ்சு குழலில் கொடுக்கிறேன். துவைத்து வைத்திருந்த சட்டைகள் எல்லாம் தொளதொளவென்று தொங்குகின்றன.

டிரெய்லர் வந்துவிட்டது. பள்ளிக்கூடம் விட்டு வந்த பையன்கள் கீழே நின்று, "நான் உனக்கு வலி கொடுப்பேன்" என்று ஒருவனை ஒருவன் சுவரில் தள்ளி விளையாடினார்கள். ஜன்னலைச் சாத்தினேன். அரசு நல்ல காதால் கேட்டுவிட்டான்.

"உன்னோடதாக்கா?"

"ஆமாம்."

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். டில்லிபாபு கை எப்படி உடைந்தது என்று இதுவரை அவனிடம் சொல்லியிருக்கவில்லை. சுவரைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தான். திட்டுவான் என்று காத்திருந்தேன். தாடையைத் தடவிக்கொண்டான். வலியோ என்று மாத்திரை எடுக்கப் போனேன்.

"அக்கா."

"என்னடா?"

"அந்த மெரூன் சட்டைக்காரர் நிஜமாவே என்னை அடிச்சவரா இருந்திருந்தா, நீ கோர்ட்டுக்குப் போயிருப்பியா?"

மாத்திரையைக் கொடுத்தேன். தண்ணீர் கொடுத்தேன். அடுப்பில் ஒன்றும் இல்லாமலே, பால் பொங்குகிறது என்று சொல்லி எழுந்து வந்துவிட்டேன்.

ஜூலை 12, சனி

காலை முதல் வேலையாக வக்கீலுக்குப் போன் செய்தேன். மற்ற இருவருடைய கால்களைப் பற்றியும் வாக்குமூலம் கொடுக்க வேண்டும், அன்று தெரியாது என்று சொன்னது பொய், 'என்ன வேணா பண்ணுங்க' என்று அவர்களைப் பற்றியும் நான்தான் சொன்னேன் என்றேன்.

சகாயமேரி குறுக்கிட்டார். "ஏம்மா, அவனுங்க ரெண்டு பேரும் உண்மையிலேயே உங்க தம்பியை அடிச்சவனுங்கதானே?"

"அவனுங்கதான்."

"அவனுங்களுக்காகவா வர்றீங்க?"

"அவனுங்க ஜெயிலுக்குப் போகணும் மேடம். அதுக்கும் நான்தான் சாட்சி சொல்லுவேன். ஆனா நடந்து போகணும்."

பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொன்னேன்.